இல்லாத நாட்டின் பிரதிநிதிக்கு

உம்முடைய கோட்டில் பூசணம் பிடித்திருக்கிறது.

மழை விட்டு வெயில் முகம் காட்டியதும் தகரப் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாடையும் ஈரக் கம்பளி நாற்றமும் சேர்ந்து மூக்கில் ஏறின. காலரின் உள்பக்கம் பச்சையாய்ப் பூத்துக் கிடந்தது. உதறி எடுத்து வராந்தாக் கம்பியில் தொங்கவிட்டேன். கீழே பபேடான் கடைத்தெருவில் ஜனங்கள் வியர்வையில் குளித்துக்கொண்டு நடக்கிறார்கள். மேலே ஒரு கறுப்புக் கம்பளிக் கோட்டு காய்கிறது. பக்கத்து வீட்டு எஸ்தர் அம்மாள் எட்டிப் பார்த்து, “ஏன் அண்ணாச்சி, ரங்கூன்ல இத எவன் போடுவான்?” என்று கேட்டாள். “போட வேண்டியவன் போடாமப் போயிட்டாம்மா, அதான் காயுது” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள். எனக்குக் கோபம் வந்தால் எதிரே நிற்பது யார் என்று பார்க்க மாட்டேன். உமக்குத் தெரியாததா?

செத்தவருக்குக் கடிதம் எழுதுவது கிறுக்குத்தனம்தான். வேதக் கோயிலுக்குப் போகிற நான், சுடலைமாடனைக் கும்பிட்ட உமக்கு, எந்த விலாசத்துக்கு இதை அனுப்புவது? ஆனால் இந்த வயிற்றெரிச்சலை வேறு யாரிடம் போய்க் கொட்டுவேன்? சாயங்காலம் ஜெட்டியின் பர்மியக் கூட்டத்து கோ சான் வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறான். மறுபடியும் ஜெனீவாவுக்கு மனு எழுத வேண்டுமாம். மறுபடியும். அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் பெட்டியைத் திறந்தேன், பூசணத்தைப் பார்த்தேன், பேனாவை எடுத்தேன்.

உம்மை நான் முதலில் பார்த்ததே சண்டையில்தான். கப்பல் ஏஜெண்டு ஆபீசில் ரைட்டர் வேலை எனக்கு. அரிசி மூட்டைகள் நனைந்துவிட்டன என்று பெரிய துரை என்னைச் சூலே ஜெட்டிக்கு விரட்டினார். நான் போய் அங்கே நின்றவர்களை எல்லாம் வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஒருவரும் அசையவில்லை. நீர் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து பர்மியச் சுருட்டைப் பிடித்துக்கொண்டு, “சத்தம் நல்லாத்தான்வே இருக்கு ரைட்டரே. ஆனா ஒரு மூட்டை கூட எழும்பலையே” என்றீர். அதன்பின் எழுந்து, எட்டி நின்று, “ஏலேலோ” என்று ஒரு குரல் கொடுத்தீர். சுற்றி நின்றவர்கள் “ஐலசா” என்றார்கள். மூட்டைகள் கொட்டகைக்குள் போய்ச் சேர்ந்தன. எனக்கு அவமானத்தில் காது சுட்டது. அன்றைக்கே உம்மோடு டீ குடித்தேன்.

குரல் கொடுப்பவன் பாரத்தைத் தொடக்கூடாது. அது ஜெட்டி வழக்கம். தொட்டால் தன் தோள் வலியைப் பார்த்துக் குரல் கொடுப்பான், அடுத்தவன் தோளை மறந்துவிடுவான் என்று நீர் காரணம் சொன்னீர். இன்னொரு வழக்கமும் உண்டு. குரல்காரனை மேஸ்திரி நியமிக்க முடியாது, கம்பெனியும் நியமிக்க முடியாது. ஒருவன் குரலுக்கு ஆட்கள் தூக்கினால் அவன் குரல்காரன். தூக்காவிட்டால் அவன் சும்மா கத்துகிறவன். என்னைப்போல.

கோ சானின் தம்பி செத்த நாளை நான் மறக்கவில்லை. கப்பலின் அடித்தளத்தில் நின்று அவன் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். மேலே பாரந்தூக்கி வின்ச் அடுத்த கட்டு மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்தது. அவன் தலைக்கு நேர் மேலே சங்கிலி அறுந்தது. கல்யாணம் நிச்சயமாகியிருந்த பையன். விசாரணை என்று ஒன்று நடத்தி, விபத்து என்று ஒரு வார்த்தையில் முடித்தார்கள். கீழே ஆள் நிற்கும்போது மேலே ஏன் பாரம் ஆடியது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அந்த நேரத்துக்கு வின்ச்சை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் கப்பல் தாமதமாகும். தாமதமானால் துரைமார்களுக்கு வயிறு வலிக்கும்.

அதற்கு முன்னால் பர்மியக் கூட்டத்தாரும் நம் ஆட்களும் ஒரே ஜெட்டியில் வேலை செய்தாலும் ஒரே பானையில் தண்ணீர் குடித்ததில்லை. அவர்கள் நம்மைக் காளா, வந்தேறி, என்று ஏளனமாகச் சொல்வார்கள். நம் ஆட்கள் அவர்களைச் சோம்பேறி என்பார்கள். தம்பியைப் புதைத்துவிட்டுத் திரும்பிய கோ சான், நேராக உம்மிடம் வந்தான். அவனுக்கு ஜெட்டியில் பொறுக்கிய தமிழ்தான். பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அதில் ‘நீ’தான். “உன் ஆள் செத்தா நான் வருவேன். என் ஆள் செத்தா நீ வருவியா?” என்று கேட்டான். மறுநாள் அவனுடைய கூட்டம் வேலைக்குப் போகாமல் நின்றபோது உம்முடைய கூட்டமும் நின்றது. தெலுங்குக்காரர்களும் நின்றார்கள். சங்கம் அப்படித்தான் பிறந்தது.

ஜெனீவா என்ற ஊரின் பேரை உம் காதில் போட்ட பாவி நான்தான். தேசங்களெல்லாம் கூடும் சபை ஒன்று அங்கே இருக்கிறது, தொழிலாளர் பிரச்சினைக்கென்று தனி மாநாடு நடக்கிறது, ஒவ்வொரு நாடும் ஒரு தொழிலாளியையும் அனுப்பலாம் என்று பேப்பரில் படித்ததை ஜெட்டியில் உட்கார்ந்து உரக்கச் சொன்னேன். எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். நீர் மட்டும், “அங்ஙன போயி ஒரு வார்த்தை சொன்னா, எல்லாக் கப்பலுக்கும் சட்டமாயிருமா?” என்று கேட்டீர். ஆகலாம் என்றேன். “அப்போ ஒரே ஒரு வார்த்தை போதும்வே. கீழ ஆளு நிக்கையில மேல பாரம் ஆடப்படாது. அவ்வளவுதான். அதைச் சொல்லிட்டுத் திரும்பிருவேன்” என்றீர்.

யார் போவது என்று முடிவு செய்ய நீங்கள் கண்டுபிடித்த முறையை நினைத்தால் இன்றும் மயிர்க்கூச்செறிகிறது. கைதூக்கச் சொல்லலாம் என்றேன் நான். கேலியாகப் பார்த்தார்கள். ஜெட்டியோரம் சேற்றில் ஒரு பழைய நங்கூரம் கிடந்தது. எந்தக் கப்பலுடையதோ, எந்தக் காலத்துடையதோ. ஒரு கூட்டம் மட்டும் சேர்ந்து அதை அசைக்க முடியாது. எல்லாக் கூட்டமும் சேர்ந்தால் எழும்பும். போக ஆசைப்பட்டவர்கள் ஒவ்வொருவராக எட்டி நின்று குரல் கொடுப்பது, யார் குரலுக்கு எழும்புகிறதோ அவர் போவது என்று பேச்சு. முதலில் தெலுங்குக் கூட்டத்து அப்பண்ணா கொடுத்தார். அவருடைய ஆட்கள் மூச்சைப் பிடித்தார்கள், நங்கூரம் சேற்றில் முனகியது, அவ்வளவுதான். பிறகு கோ சான். பர்மியர்கள் தூக்கினார்கள், நம்மவர்கள் சும்மா கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு நீர். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டி நின்றீர். பிறகு அந்தக் குரல். பர்மியன், தெலுங்கன், தமிழன் எல்லாத் தொண்டையிலிருந்தும் ஒரே ‘ஐலசா’. நங்கூரம் முழங்கால் உயரத்துக்கு வந்து, சேறு சொட்டச் சொட்ட நின்றது. கோ சான்தான் முதலில் சிரித்தான். நீர் தலையைக் குனிந்துகொண்டு சுருட்டுப் பற்றவைத்தீர்.

அப்புறம் இந்தக் கோட்டு. ஜெனீவாவில் தண்ணீர் கூட உறைந்துபோகும் என்று எவனோ சொல்லிவிட்டான். மொகல் தெருவில் காதர் பாய் கடைக்கு உம்மை இழுத்துக்கொண்டு போனோம். சித்திரை வெயிலில் கம்பளியைப் போட்டுப் பார்த்தீர். நெற்றியிலிருந்து வியர்வை ஆறாய் ஓடியது. காதர் பாய் ஊசியை வாயில் வைத்துக்கொண்டு, “அசையாதீங்க அண்ணே, நீங்க அசைஞ்சா ஜெனீவாவே கோணிப்போகும்” என்றார். கண்ணாடியில் உம்மையே பார்த்து, “கலியாண மாப்பிள்ளை கணக்கா இருக்கேன்லா?” என்றீர். இல்லை, சர்க்கஸ் கரடி மாதிரி இருக்கிறீர் என்றேன். கடை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். நினைத்தால் இப்போது ஆத்திரம்தான் வருகிறது.

மனு எழுத உட்கார்ந்தபோது வந்தது வினை. எந்த நாட்டின் சார்பில் என்ற இடத்தில் நான் ‘இந்தியா’ என்று எழுதப்போனேன். நீர் என் கையைப் பிடித்தீர். “பர்மான்னு போடும்” என்றீர்.

நான் படித்துப் படித்துச் சொன்னேன். பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம். அந்தச் சபையில் இந்தியாவுக்கு நாற்காலி இருக்கிறது, பர்மாவுக்கு இல்லை. இந்தியா என்று எழுதும், கப்பல் ஏறும், அங்கே போய் உம்முடைய ஒரு வார்த்தையைச் சொல்லும், திரும்பி வந்து என்ன பேர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளும் என்றேன். எத்தனை தரம் சொல்லியிருப்பேன். தொண்டை வறண்டுபோயிற்று.

“நம்ம கூட்டத்துக்குப் பேரு எப்படி வே வைக்கோம்?” என்று கேட்டீர். “சூலே ஜெட்டியில சுமந்தா சூலே ஜெட்டிக் கூட்டம். நாளைக்கு அடுத்த ஜெட்டிக்கு மாறிட்டா அந்தப் பேரு. தூத்துக்குடிக் கூட்டம், விசாகப்பட்டணக் கூட்டம்னு எவனாவது வைக்கானா? வச்சா அன்னைக்கே கூட்டம் ரெண்டாயிரும். எந்தக் கரையில சுமக்கோமோ அந்தக் கரை பேரு. செத்தவன் இந்தக் கரையில செத்தான். கோ சான் கூட்டம் பர்மாங்கிற பேருக்குத்தான் கைகொடுத்தாங்க. இப்போ பேரை மாத்துனா அந்த நங்கூரம் திரும்ப எழும்புமா?”

ஜெட்டி வழக்கத்தைக் கொண்டுபோய் தேசங்களின் சபையில் வைத்தால் எடுபடுமா என்று கத்தினேன். உலகத்தில் வேறு எந்தப் பிரதிநிதியாவது மூட்டை தூக்குகிற முறையில் நாட்டின் பேரைத் தீர்மானித்திருப்பானா? ஜெட்டியில் ஊறிய உம்மால் மட்டும்தான் முடியும். கடைசியில் நீர் சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன். பேனா முனை காகிதத்தைக் கிழித்துவிட்டது, அவ்வளவு கோபம்.

அந்தப் பெரிய செங்கல் சர்க்கார் கட்டடத்தில் நம்மை உட்காரவைக்காமலே பேசிய அதிகாரி நினைவிருக்கிறதா? வெள்ளைக்காரன் என்றால் மனம் ஆறும், இங்கிலீஷில் பேசிய இந்தியர்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, பர்மா என்று ஒரு நாடு அந்தச் சபையின் கண்ணுக்குத் தெரியாது என்றார். நான் மொழிபெயர்த்தேன். “நீங்க வேணா சன்னலைத் திறந்து பாருங்க, தெரியுது” என்றீர். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அடுத்து, உங்களைப் பிரதிநிதி என்று அங்கீகரித்தது யார் என்று கேட்டார். அதற்கு நீர் சொன்னதை மட்டும் ஒரு எழுத்து விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். “நாளைக் காலையில ஜெட்டிக்கு வாங்க, தொரை. நங்கூரம் கெடக்கு. நீங்களும் குரல் குடுத்துப் பாருங்க, நானும் குடுக்கேன். யாருக்கு எழும்புதுன்னு பாப்போம்.” அவர் முகம் கறுத்துப்போயிற்று. மனுவை மேஜையின் இந்த ஓரத்துக்குத் தள்ளினார். நம்மை அனுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சரி, இந்தியத் தொழிலாளர்களின் பெரிய சங்கமாவது கைகொடுக்கும் என்று கல்கத்தாவுக்கு எழுதினோம். உங்கள் கோரிக்கை நியாயமானது, ஆனால் நீங்களே பர்மா என்று போட்டிருப்பதால் எங்கள் தரப்பில் சேர்க்க வழியில்லை என்று பதில் வந்தது. அப்புறம் கோ சான் நம்மைப் பர்மியத் தலைவர் ஒருவர் வீட்டுக்கு அழைத்துப் போனான். பட்டுத் தலைப்பாகை, தேக்கு வீடு, தட்டில் ஊறிய தேயிலையும் வறுத்த எள்ளும். தங்கமான மனுஷர், பர்மிய பாஷையில் அன்பாகத்தான் பேசினார். பர்மாவைத் தனி நாடாக உலகம் ஏற்க வேண்டும் என்று நாங்கள் பாடுபடுகிறோம், அந்தப் பேரில் முதலாவதாகப் போய்ப் பேசுகிறவன் ஒரு காளாவாக இருந்தால் உலகம் சிரிக்காதா என்றார். கோ சான் அதைத் தமிழில் சொல்லவில்லை. உம் முகத்தையும் பார்க்கவில்லை. தேநீரைத் தொடாமல் எழுந்துவிட்டான். படியிறங்கும்போதுதான் நான் உமக்கு விவரம் சொன்னேன். “பர்மா அரிசியைத் தூக்கலாம், பர்மா பேரைத் தூக்கப்படாதோ?” என்று நான்தான் தெருவில் நின்று கத்தினேன். நீர் என் தோளைப் பிடித்து, “வாரும்வே, வெயிலாயிருக்கு” என்றீர்.

நாற்காலி இருக்கிற நாட்டில் உமக்கு இடம் இல்லை. நீர் இருக்கிற நாட்டுக்கு நாற்காலி இல்லை. மூன்று வாசலிலும் பூசி மெழுகித்தான் பேசினார்கள். ஒருவராவது போடா என்று திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. இந்தியாவுக்கு என்று ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்களே, அதில் மட்டும் இந்தியாவா உட்கார்ந்திருக்கிறது? நம்மை ஆளுகிறவன் நம் பேரை ஒரு அட்டையில் எழுதி மேஜையில் வைத்துக்கொள்கிறான், உலகம் அதைப் பார்த்து வணக்கம் சொல்கிறது. சொந்தக் காலில் நிற்காத நாட்டுக்கு நாற்காலி கொடுக்க முடிகிறவர்களுக்கு, அந்த நாட்டுக்குள்ளே மாட்டிக்கொண்ட நாட்டுக்கு ஒரு முக்காலியாவது கொடுக்க முடியாதா?

அந்த வருஷம் இந்தியத் தொழிலாளர் சார்பில் போனவர் படித்த கனவான். அவரை நான் குறை சொல்லவில்லை. ஆலைகளைப் பற்றி, வேலை நேரத்தைப் பற்றி நன்றாகவே பேசியிருக்கிறார். பேப்பர் வந்ததும் ஜெட்டிக்கு ஓடிவந்து உமக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “சங்கிலியைப் பத்திப் பேசினாரா?” என்று மட்டும் கேட்டீர். இன்னொரு தரம் வாசித்துப் பார்த்தேன். இல்லை. “சரி” என்றீர். அந்த ‘சரி’யை நான் மன்னிக்கவே மாட்டேன். நீர் ஒரு தடவையாவது கோபப்பட்டிருக்க வேண்டும். மேஜையைத் தட்டியிருக்க வேண்டும். உம் பங்குக் கோபத்தையும் நானே சுமந்துகொண்டு திரிகிறேன். மறுநாளும் வேலைக்குப் போனீர், அடுத்த கப்பலுக்குக் குரல் கொடுத்தீர். கோட்டை மட்டும் என்னிடம் தந்து, “பத்திரமா வையும். குளிரு எங்கேயும் போயிறாது” என்றீர்.

உம்மைக் கொன்றது சங்கிலி இல்லை. அப்படியிருந்தால் நான் ரங்கூன் தெருவெல்லாம் நின்று ஊரைக் கூட்டியிருப்பேன். மழைக்காலத்துக் காய்ச்சல். தாமுவேயில் உம் குடிசைக்குள் ஒழுகிய தண்ணீரும், ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்த நாட்களும். யாரைத் திட்டுவது? மழையையா? ஆஸ்பத்திரிக் குமாஸ்தா நீர் எந்த ஊர் என்று கேட்டான். சொன்னேன். எந்த நாடு என்று கேட்டான். அவனாகவே எதையோ கிறுக்கிக்கொண்டான். அன்றைக்கு அவனை அடிக்காமல் விட்டதே பெரிய காரியம்.

எடுக்கிற நேரம் வந்தது. உம்முடைய சொந்தம் என்று தாமுவேயில் ஒரு மாமா இருந்தார். சங்கு ஊதி முடித்ததும் அவர், “தூக்குங்கப்பா” என்றார். பாடையைச் சுற்றி ஜெட்டி ஆட்கள் நின்றார்கள். மூங்கிலில் கை வைத்திருந்தார்கள். ஒருவரும் தூக்கவில்லை. மாமா மறுபடி சொன்னார். தூக்கவில்லை. அவருக்குப் புரியவில்லை, யாரோ தகராறு செய்கிறார்கள் என்று பயந்துவிட்டார். எனக்குப் புரிந்தது. அவர்கள் ஒருநாளும் சும்மா சொன்னதற்குத் தூக்கியதில்லை. குரலுக்குக் காத்திருந்தார்கள். கொடுக்க வேண்டியவரோ பாடையில் படுத்திருந்தார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நான் குரல் கொடுக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். என் குரலுக்கு எது எழும்பியிருக்கிறது?

கோ சான் முன்பக்கத்து மூங்கிலைப் பிடித்திருந்தான். அதை விட்டான். இரண்டடி பின்னால் போய்த் தள்ளி நின்றான். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான், நீர் நிற்பதைப் போல. “ஏலேலோ” என்றான்.

“ஐலசா” என்றது தாமுவே முழுக்க. அப்பண்ணாவின் ஆட்கள், பர்மியர், நம்மவர் எல்லாரும். நீர் ஒரே மூச்சில் எழும்பினீர். சுடுகாடு வரைக்கும் அவன் பாடையைத் தொடவே இல்லை. தள்ளி நடந்து, திருப்பத்துக்குத் திருப்பம் குரல் கொடுத்துக்கொண்டே வந்தான், கண்ணீரைத் துடைக்கக்கூட கையை எடுக்கவில்லை. யார் அங்கீகரித்தார்கள் என்று கேட்டவர் அங்கே வரவில்லை. வந்திருக்க வேண்டும். காதைப் பிடித்து இழுத்து வந்து காட்டியிருக்க வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் கை துறுதுறுக்கிறது.

இத்தனை எழுதிக்கொண்டிருக்கும்போதே கோ சான் படியேறி வந்துவிட்டான். எழுந்து போனேன். இப்போதுதான் திரும்ப வந்து உட்காருகிறேன். நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

உம் கோட்டைக் கம்பியில் பார்த்ததும் சற்று நின்றுவிட்டான். பிறகு விஷயத்தைச் சொன்னான். அந்தத் தலைவர் அவனைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார். காளாக்களை விட்டுவிட்டுப் பர்மியர் மட்டும் தனிச் சங்கம் வைத்தால், பர்மாவின் பேரில் அவனையே முன்னிறுத்துவதாகச் சொல்லியிருக்கிறார். ஜெட்டியிலும் இப்போது பேச்சு சரியில்லை. அவனுக வேற, நாம வேற என்று இரண்டு பக்கத்திலும் முணுமுணுக்கிறார்கள். “நீ என்ன சொன்னே?” என்று கேட்டேன். குரல் என்னையறியாமல் ஏறிவிட்டது.

“நங்கூரம் இன்னும் அங்கதான் இருக்கு சொன்னேன்” என்றான். “பர்மியன் மட்டும் தூக்கினா எழும்பாது. நான் குரல் குடுத்து பாத்தாச்சு. ரைட்டரும் பாத்தே.”

பிறகு கோட்டைக் கேட்டான். போட்டுப் பார்த்தான். தோள் பொருந்தியது. கை மட்டும் நீளம், விரல் நுனி வரை மூடிக்கொண்டது. கையை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு, “கரடியா?” என்று கேட்டான். யாரோ சொல்லியிருக்கிறார்கள். நீர்தான் சொல்லியிருப்பீர். நான் சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

காகிதத்தை எடுத்து மேஜையில் விரித்தேன். இந்தத் தடவையாவது புத்தியாக நடப்போம், இந்தியா என்று எழுதட்டுமா, எழுதினால் வழி இருக்கிறது என்று அவனிடமும் ஒரு பாட்டம் கத்தினேன். அவன் கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து, வியர்வை வழிய வழிய, நான் முடிக்கும் வரைக்கும் காத்திருந்தான். பிறகு ஒன்றே ஒன்று கேட்டான்.

“ரைட்டர், சூலே ஜெட்டி எங்க இருக்கு?”

நீர் உயிரோடு இருந்தால் உம்மைப் பிடித்து உலுக்கியிருப்பேன். இவ்வளவு பிடிவாதத்தையும் அவனிடம் விட்டுவிட்டா போனீர்? இந்த மனுவையும் மேஜை ஓரத்துக்குத் தள்ளுவார்கள். எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். தள்ளட்டும். என் கோபத்துக்கு ஒரு மூட்டைகூட எழும்பாது என்று சொன்னீரே, எழும்பாவிட்டால் போகட்டும், எழுதவாவது அது எனக்கு வேண்டும். பர்மா என்றே எழுதினேன். கீழே ஆள் நிற்கும்போது மேலே பாரம் ஆடக்கூடாது என்ற உம்முடைய ஒரு வார்த்தையையும் எழுதினேன். இந்தத் தடவை காகிதம் கிழியவில்லை.

கோட்டைக் காலையில் காதர் பாயிடம் கொண்டுபோக வேண்டும். கையைக் கொஞ்சம் குட்டையாக்கச் சொல்ல வேண்டும்.